காற்று ஏறட்டும்!

விடியற்காலையில் பேருந்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரக் காணோம். "இன்னும் எடுக்கலையா?" என்று யாரோ முணுமுணுக்கிறார். "காற்று ஏறட்டும் சார்" என்கிறார் நடத்துநர். ஓட்டுநரின் கண் எதிரிலுள்ள ஒரு முள்ளின்மேல் இருக்கிறது. இந்தச் சில நிமிடக் காத்திருப்புக்குப் பின்னால் ஒரு பழைய துயரக் கதை உண்டு.

அயர்லாந்தில் ஆர்மா என்றோர் ஊர். 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு அங்கிருந்து கடற்கரைக்கு ஓர் உல்லாசப் புகைவண்டி கிளம்பிற்று. பெட்டிகள் 15, பயணிகள் ஏறத்தாழ 940 பேர். 75 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் எஞ்சின் இழுக்க மாட்டாமல் நின்றுவிட்டது. முன்னுள்ள ஐந்து பெட்டிகளை முதலில் கொண்டுபோய் விட்டு, மற்றவற்றுக்குத் திரும்பி வரலாம் என்று முடிவு செய்தார்கள்.

இங்கேதான் பிரேக்கின் அமைப்பை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த வண்டியில் இருந்தது எளிய வெற்றிட பிரேக். குழாயிலுள்ள காற்றை எஞ்சின் உறிஞ்சினால்தான் அது பிடிக்கும். பெட்டிகளைப் பிரிக்கக் குழாயைக் கழற்றியதும் பின்னாலிருந்த பத்துப் பெட்டிகளுக்கும் பிரேக் போயிற்று. கார்டு பெட்டியின் கைப்பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களுமே துணை! முன்பகுதி புறப்படும்போது சற்றே பின்வாங்கி இடித்தது. கற்கள் தாங்கவில்லை. பெட்டிகள் சரிவில் உருண்டோடி, பின்னால் வந்த இன்னொரு வண்டியில் மோதின. 80 பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள்.

இதைவிட நல்ல பிரேக் அப்போது இல்லையா? இருந்தது, அதுதான் கொடுமை. அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872லேயே தலைகீழ் முறை ஒன்றைக் கண்டிருந்தார். குழாயில் காற்றழுத்தம் உள்ளவரை பிரேக் விலகி நிற்கும். குழாய் அறுந்தால் தானே பிடித்துக்கொள்ளும். வெற்றிட பிரேக்கிலும் இத்தகைய தானியங்கி வகை வந்திருந்தது. விபத்து நடந்த அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணி வண்டிகளுக்குத் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கிற்று.

அதன்பின் புறப்படுவதே ஒரு சோதனையாயிற்று. கார்டின் முன்னுள்ள முள் உரிய அளவைக் காட்டினால், குழாய் கோடிவரை ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். இன்றைய பேருந்து, லாரிகளில் உள்ள நிறுத்து பிரேக்கும் இந்த வழிதான்: வலிய சுருள்வில் ஒன்று சக்கரத்தைப் பிடித்திருக்கும், காற்று போதிய அளவு ஏறினால்தான் விடும்.

உங்கள் காரில் அப்படிப்பட்ட காவல் இல்லை. மிதியை நீங்களே கேட்டறிய வேண்டும். எஞ்சினை நிறுத்தியபடி பிரேக் மிதியை நாலைந்து முறை அழுத்துங்கள், இறுகும். காலை எடுக்காமல் எஞ்சினைக் கிளப்புங்கள். மிதி சற்றே இறங்கினால், காலுக்குத் துணைநிற்கும் வெற்றிட உதவி வேலை செய்கிறது. மெல்ல மெல்லத் தரைவரை இறங்கிக்கொண்டே போனால் எங்கோ எண்ணெய் கசியலாம், வண்டியை எடுக்காதீர்கள். எல்லாம் சரியென்றாலும், தெருவுக்கு வருமுன் மெதுவாக நகர்த்தி ஒருமுறை அழுத்துங்கள். ஒரு பக்கமாக இழுக்கிறதா? அன்றைய முதல் பயணம் பட்டறைக்குத்தான், அதுவும் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைக்க முடியாவிட்டால்.