வெளிநாட்டு ஆட்டக்காரர் (கூடைப்பந்து)

ஒரு சீசனுக்கோ சில மாதங்களுக்கோ சம்பளம் பேசி வேறு நாட்டு அணிக்கு ஆடப் போகும் கூடைப்பந்து வீரரை, ஆட்ட வட்டாரத்தில் ‘இம்போர்ட்’ என்பார்கள். இவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். காரணம் எளிய கணக்கு. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் மொத்தம் 30 அணிகள், அணிக்கு முழு ஒப்பந்தத்தில் 15 பேர். அந்த 450 இடங்களுக்கு, 350க்கும் மேற்பட்ட முதல் நிலைக் கல்லூரி அணிகளிலிருந்து ஆண்டுதோறும் ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். இடம் கிடைக்காதவர் ஆட்டத்தை விடவேண்டும், இல்லையேல் விமானம் ஏறவேண்டும்.

விருப்பப்பட்டுப் போனவர்களும் உண்டு. பில் பிராட்லி ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டே 1965-66இல் இத்தாலியின் மிலான் அணிக்கு ஆடினார். பிற்காலத்தில் அமெரிக்க செனட்டர் ஆனார். பிலிப்பைன்ஸில் 1975இல் தொடங்கிய பி.பி.ஏ. லீக், இம்போர்ட்டை ஒரு தொடருக்கு மட்டும் அமர்த்தும் வழக்கத்தை நிலைநாட்டியது. உள்ளூர்க்காரர்கள் அமுங்கிப்போகக் கூடாது என்று சில தொடர்களில் உயர வரம்பும் உண்டு. வந்து இறங்கிய அமெரிக்கரைச் சுவரோரம் நிற்கவைத்து அளப்பார்கள். அரை அங்குலம் கூடினாலும் ஒப்பந்தம் போச்சு. மிகப் பெரிய மறுவாழ்வு கண்டவர் ஸ்டெஃபான் மார்பரி. என்.பி.ஏ.வில் பெயர் கெட்டு வெளியேறி 2010இல் சீனா போனவர், பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வாங்கித் தந்தார். அங்கே அவருக்குச் சிலையே வைத்தார்கள்.

சென்னையின் கதை வேறு. இங்கே அமெரிக்கர் முதலில் வந்தது வாத்தியாராக. கூடைப்பந்து 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பிறந்தது. அங்கே பயின்ற ஹாரி குரோ பக் 1919இல் மதராஸ் வந்தார். மறு ஆண்டே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இவ்வகையில் முதல் கல்லூரி என்று இதைச் சொல்வார்கள்; இன்று நந்தனத்தில் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு பக்தான் மேலாளர். 1943இல் இறக்கும்வரை அவர் உருவாக்கிய உடற்கல்வி ஆசிரியர்கள் ஊர் ஊராகப் பள்ளி மைதானங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பி.டி. மாஸ்டர் நட்ட கூடைக் கம்பத்துக்கு மூலம் தேடினால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

ஆட்டம் வேரூன்றியது, அதற்குச் சம்பளம் தரும் கிளப் மட்டும் வரவில்லை. அந்த இடத்தை ரயில்வேயும் வங்கியும் நிரப்பின. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, சுங்கத்துறை எல்லாம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை தந்து அணி நடத்தின. கிளப் சம்பளம் முழங்கால் போனால் நின்றுவிடும். ரயில்வே சம்பளம் ஓய்வு பெறும்வரை வரும். அதனால், சென்னை வீரருக்கு வெளிநாட்டு ஒப்பந்தம் ஓர் ஆசையாக இருந்ததே தவிர அவசியமாக இருந்ததில்லை. தென்புறநகரில் இந்த ஏற்பாட்டின் முதல் படியைப் பார்க்கலாம். மேடவாக்கம் கூட்டுரோட்டிலிருந்து மேற்கே போனால் 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த கிறித்தவக் கல்லூரி, கிழக்கே போனால் சோழிங்கநல்லூர் பக்கம் சத்தியபாமா. இந்தச் சுற்றுவட்டாரத் தனியார் பல்கலைக்கழகங்களில் உயரமும் ஆட்டமும் உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் விடுதியும் கிடைப்பது புதிதல்ல. அடுத்த படி அரசு வேலை.

இந்தப் பாதையில் நின்றுகொண்டே கடல் தாண்டியவர் கீத்து அன்னா ஜோஸ். கோட்டயத்துக்காரர், 6 அடி 2 அங்குலம், தெற்கு ரயில்வே வேலைக்காகச் சென்னை வந்தவர். 2006இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து ‘பிக் வி’ லீகில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடப் போனார். அமெரிக்கருக்கு இது சாதாரணச் செய்தி, இந்தியப் பெண்ணுக்கு அப்போது முன்மாதிரியே இல்லை. 2011இல் அமெரிக்க மகளிர் லீகான டபிள்யு.என்.பி.ஏ.வில் சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று அணிகளின் தேர்வுக்குப் போனார்; ஒப்பந்தம் கிடைக்கவில்லை.

கூடைக்கு முதுகு காட்டி நின்று பந்து வாங்கும் சென்டர் அவர். சர்வதேச விதியில் 2010 அக்டோபர்வரை, கூடைக்கு முன்னாலிருக்கும் மூன்று விநாடிப் பகுதி சரிவகமாக இருந்தது. எல்லைக்கோட்டில் அதன் அகலம் 6 மீட்டர். அமெரிக்க லீகில் அது 4.9 மீட்டர் செவ்வகம். ஆக, சரிவகத்தில் ஆடி வளர்ந்த சென்டர், கோட்டுக்கு வெளியே கூடையிலிருந்து அரை மீட்டர் கூடுதலாகத் தள்ளி நின்று பழகியவர். அமெரிக்கக் கோடு கூடைக்கு அருகே வரவிட்டாலும், அங்கே காத்திருந்த தடுப்பாளர்கள் கல்லூரியிலிருந்தே அந்த நெருக்கத்தில் முட்டி மோதியவர்கள். கீத்துவுக்கு 2014இல் அர்ஜுனா விருது கிடைத்தது. சென்னையிலேயே பிறந்து அதே ரயில்வேயில் வேலை பார்த்து, இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்த அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ.

ஆண்கள் பக்கம் கதவைத் திறந்ததில் அமெரிக்கப் பயிற்சியாளர்களுக்குப் பங்குண்டு. ஸ்காட் ஃபிளெமிங் பயிற்சியில் இந்தியா 2014இல் வூஹானில் சீனாவை 65-58 என்று வென்றது. அந்த அணியின் அம்ஜோத் சிங்கும் அம்ரித்பால் சிங்கும் ஜப்பானுக்கு ஆடப் போனார்கள். பின்னர் அம்ரித்பாலை 2017இல் சிட்னி கிங்ஸ் எடுத்தது. அம்ஜோத் என்.பி.ஏ.வின் துணை லீகான ஜி லீகுக்குச் சென்றார்.

வாத்தியாராக இல்லாமல், கூலிக்கு ஆடும் அமெரிக்கர் சென்னை அணிகளின் பக்கம் வந்தது இவ்வளவுக்கும் பிறகுதான். 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. லீகில் ‘சென்னை ஸ்லாம்’ உட்பட எட்டு அணிகள். அமெரிக்கர்கள் சிலரும் அந்த லீகில் ஆடினார்கள். இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இல்லாமல் நடந்த லீக் அது, 2017க்குப் பின் நின்றுபோனது. கூட்டமைப்பே முன்னின்று நடத்திய ஐ.என்.பி.எல். போட்டியின் 2022-23 சீசனில் ஆறு நகர அணிகள் வெளிநாட்டு வீரர்களையும் சேர்த்துக்கொண்டு இறங்கின. முதல் பட்டத்தை ‘சென்னை ஹீட்’ வென்றது.