ஸ்டார்ட்டர் பெட்டி யாரைக் காப்பாத்துது?

இன்னைக்கு எபிசோடு ஒரு இரும்புப் பெட்டியைப் பத்தி. பச்சை பட்டன் ஒண்ணு, சிவப்பு பட்டன் ஒண்ணு. மோட்டார் ரூம் இருக்கிற எந்தக் கிணத்து மேட்டுக்குப் போனாலும் சுவத்துல மாட்டியிருக்கும். ஸ்டார்ட்டர். நீங்க இருக்கிற அபார்ட்மெண்ட்லயும் இதோட தம்பி ஒருத்தன் சம்ப் மோட்டார் பக்கத்துல தொங்கிட்டுதான் இருப்பான்.

நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். இன்ஜினியரிங் படிச்சப்போ மெஷின்ஸ் லேப்ல இந்தப் பெட்டியோட வயரிங்கைச் சொல்லிக்கொடுத்தாங்க. உள்ளே இருக்கிற ஒவ்வொரு பாகமும் யாருக்காக வந்ததுங்கிறது சிலபஸ்ல இல்லை. அதைத் தேடிப் போனா, தமிழ்நாட்டோட கிட்டத்தட்ட நூறு வருஷக் கதை ஒண்ணு வருது. அந்தக் கதையில பாதுகாப்புக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல வயர். அப்புறம் மோட்டார். மனுஷன் கடைசி.

தண்ணி இறங்குது, தண்ணி ஏறுது

கதையை தேனி மாவட்டத்துல, போடிநாயக்கனூர்ல ஆரம்பிக்கலாம். மதுரையிலிருந்து மூணாறு வழியா கொச்சி போற தேசிய நெடுஞ்சாலை 85, போடியைத் தாண்டினதும் கொண்டை ஊசி வளைவுகள்ல ஏறி போடிமெட்டுல கேரள எல்லையைத் தொடும். மேலே ஏலத்தோட்டங்கள். கீழே அடிவாரத்துல தென்னை, மா, கிணறு, போர்வெல். ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் வேணும். மழை ஓய்ஞ்ச கோடை மாசங்கள்ல தண்ணி விட்டே ஆகணும். தண்ணி இருக்கிறது பள்ளத்துல, செடி இருக்கிறது சரிவுல. அதனால இந்த மலைச்சரிவுல மோட்டார் இல்லாம விவசாயம் இல்லை.

இந்த வட்டாரத்துல ஒரு வேடிக்கை இருக்கு. 1895-ல் முடிஞ்ச முல்லைப்பெரியாறு அணை, மேற்கே போக வேண்டிய தண்ணியை சுரங்கம் வழியா கிழக்கே திருப்புச்சு. 1958-லிருந்து அதே தண்ணி, கூடலூர் பக்கத்துல லோயர் கேம்ப்புல டர்பைனைச் சுத்தி மின்சாரம் தருது. மலைக்கு அந்தப் பக்கம், மூணாறுக்குக் கீழே பள்ளிவாசல் மின்நிலையம் 1940-லயே வந்திடுச்சு. அதாவது மலையிலிருந்து இறங்குற தண்ணி மின்சாரமாகுது. அந்த மின்சாரம் கிணத்துக்குள்ள போன தண்ணியைத் திரும்ப மேலே தூக்குது.

அதுக்கு முன்னாடி தூக்கினது மாடு. கமலை. ரெண்டு மாடு, ஒரு வடம், ஒரு தோல் சால். மாடு சரிவுல இறங்கினா சால் மேலே வரும். பொழுது முழுக்க இறைச்சாலும் பாயுற நிலம் கொஞ்சம்தான்.

மாத்தம் நீலகிரியிலிருந்து வந்தது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. மின்சாரம் கோயம்புத்தூருக்கு இறங்குச்சு. மில்லுகள் பெருகின, கிராமத்துக்குக் கம்பி போச்சு. 1937-ல் கோவையில ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே ஒரு மின் மோட்டாரை உருவாக்கினாங்க. இந்தியாவோட முதல் உள்நாட்டு மோட்டார்னு அதைத்தான் சொல்றாங்க. பிறகு கோவை பம்புகளோட ஊராவே ஆச்சு. 1950, 60-கள்ல இந்தியாவிலேயே அதிக மின் பம்புசெட்டுகள் இருந்தது இங்கேதான்.

அந்த மோட்டார் எப்படிச் சுத்துது?

1889-ல் டொலிவோ-டொப்ரோவோல்ஸ்கிங்கிற இன்ஜினியர் ஜெர்மனியில உருவாக்கின மூணு ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டாரோட வம்சம்தான் இன்னைக்கும் கிணத்துல ஓடுது. மூணு வயர்ல வர்ற மின்சாரம் ஒரே நேரத்துல உச்சத்துக்குப் போகாது, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு போகும். மூணு பேர் வட்டமா நின்னு வரிசையா ஒரு ராட்டினத்தைத் தள்ளுற மாதிரி. மூணு காயிலும் சேர்ந்து, சுத்துற ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குது. நடுவுல இருக்கிற ரோட்டர் அதைத் துரத்திக்கிட்டே போகுது. ரோட்டருக்கு வயர் கிடையாது, தேயுற பிரஷ் கிடையாது. சேறு, தூசி, ஈரம் எல்லாத்தையும் தாங்கும். கிராமத்துக்குச் சரியான மெஷின்.

ஆனா ரெண்டு குணம் இருக்கு. ஒண்ணு, கிளம்பும்போது பெரும்பசி. 7.5 எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 11 ஆம்பியர் எடுக்கும். நேரா ஸ்விட்ச் போட்டா அந்த முதல் சில வினாடி ஆறு மடங்கு, அதாவது 65 ஆம்பியர் பக்கம் இழுக்கும். ஊர் லைட்டெல்லாம் ஒரு தடவை மங்கும். இதுக்குத்தான் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். முதல்ல காயில்களை ஸ்டார் வடிவத்துல இணைச்சு மின்அழுத்தத்தைக் குறைச்சுக் கொடுக்கும், இழுப்பு மூணுல ஒரு பங்காகும். வேகம் எடுத்ததும் டெல்டாவுக்கு மாத்தும். ரெண்டாவது குணம், ஓடிட்டு இருக்கும்போது மூணு ஃபேஸ்ல ஒண்ணு போனாலும் மோட்டார் நிக்காது. முக்கிக்கிட்டே ஓடும். எல்லாச் சிக்கலும் அங்கேதான்.

ஃபியூஸ், ரிலே, ஞாபகம்

முதல்ல வந்த காவல் ஃபியூஸ். எடிசன் காலத்து யோசனை, 1880-கள்ல இருந்து இருக்கு. வயர் சூடாகித் தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மெல்லிய கம்பி உருகி அறுந்திடும். அது காப்பாத்துறது வயரையும் கட்டடத்தையும். மோட்டாரை இல்லை. ஏன்னா மோட்டாரோட ஆரம்ப இழுப்பைத் தாங்குற மாதிரிதான் ஃபியூஸ் போட முடியும், 25 ஆம்பியர்னு வைங்க. ஒரு ஃபேஸ் போயிட்டா மீதி ரெண்டுல கரண்ட் சுமார் 1.7 மடங்காகும். 11, 19 ஆகும். 25 ஆம்பியர் ஃபியூஸ் இதைக் கண்டுக்கவே கண்டுக்காது. காயில் கருகுற வாசம் வந்த பிறகுதான் தெரியும்.

அதனால ரெண்டாவது காவல், ஓவர்லோடு ரிலே. ரெண்டு உலோகப் பட்டைகளை ஒட்டி வச்சிருக்கும். சூடானா ரெண்டும் வேற வேற அளவுக்கு நீளும், அதனால வளையும், வளைஞ்சா சர்க்யூட்டை அறுக்கும். ஆரம்ப இழுப்பு சில வினாடிதான், அதுக்குள்ள பட்டை சூடாகாது, மன்னிச்சு விட்டுடும். 19 ஆம்பியர் சில நிமிஷம் தொடர்ந்தா வளைஞ்சிடும்.

கண்ட்ரோல் சர்க்யூட்டும் அழகானது. பச்சை பட்டனை அழுத்தினா ஒரு காயில் காந்தமாகி, கான்டாக்டரை இழுத்து மோட்டாருக்கு மின்சாரம் விடும். அதே இழுப்புல ஒரு சின்ன கான்டாக்ட்டும் மூடி, பட்டனை விட்ட பிறகும் காயிலுக்கு மின்சாரம் தரும். தன்னைத்தானே பிடிச்சு வச்சுக்குது. நம்ம பாஷையில ஒரு பிட் மெமரி. சிவப்பு பட்டனோ ரிலேயோ, ரெண்டுல எது அறுத்தாலும் மறந்திடும். கரண்ட் போனாலும் மறந்திடும். கரண்ட் திரும்ப வந்தா தானா ஓடக்கூடாது, ஒரு மனுஷன் வந்து பார்த்து பட்டனை அழுத்தணும். அது குறை இல்லை, வேணும்னே வச்ச பாதுகாப்பு.

பாதுகாப்பை ஏன் கழட்டினாங்க?

இந்தப் பெட்டியோட டிசைன் முழுக்க ஒரு நம்பிக்கை மேல நிக்குது: மூணு ஃபேஸும் சரியான அளவுல, எப்பவும் வரும். நம்ம ஊர்ல நடந்தது வேற.

பம்புசெட்டு பெருகப் பெருக மின்சாரம் அரசியல் ஆச்சு. யூனிட்டுக்குச் சில பைசா உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில கோவை வட்டாரத்து விவசாயிகள் திரண்டாங்க. 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூர்ல போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல மூணு பேர் செத்தாங்க. 1972-ல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே மறிச்சாங்க. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் ஆச்சு. இன்னைக்கு 23 லட்சத்துக்கும் மேல விவசாய இணைப்புகள்.

விலையால கட்டுப்படுத்த முடியாததை நேரத்தால கட்டுப்படுத்தினாங்க. மும்முனை மின்சாரம் பகல்ல சில மணி நேரம், ராத்திரி சில மணி நேரம். மத்த நேரத்துல வீட்டு விளக்குக்கு மட்டும் மின்சாரம் இருக்கும், மோட்டாருக்கு இருக்காது. லைனோட கடைசியில இருக்கிற தோட்டத்துக்கு 415 வோல்ட் வர வேண்டிய இடத்துல 350-க்கும் கீழே வரும்.

இப்போ ஒரு விவசாயியா யோசிங்க. வோல்டேஜ் குறைஞ்சா அதே வேலைக்கு மோட்டார் அதிக ஆம்பியர் எடுக்கும். ரிலே திரும்பத் திரும்ப விழும். பயிர் காயுது. ரிலேயில 11-ல இருக்கிற திருகை 15-க்குத் திருப்பிடுவீங்க. ஒரு ஃபேஸ் போனா உடனே நிறுத்துற சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் வந்தது. ஆனா ரெண்டு ஃபேஸ் மட்டும் வர்ற நேரத்துலயும் கண்டன்சர் வச்சு மோட்டாரை ஓட்ட ஆள் பழகியாச்சு. அதுக்கு இந்தப் பிரிவென்டர் இடைஞ்சல். கழட்டிடுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வருதுன்னா, பாம்பும் காட்டுமாடும் இருக்கிற சரிவுல டார்ச் அடிச்சுக்கிட்டுப் போய் பச்சை பட்டனை அழுத்தணும். அதுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர், கரண்ட் வந்ததும் தானா ஓடும். அந்த ஒரு பிட் மறதியை ஒரு சின்னப் பெட்டி திருப்பி எழுதிடுச்சு. நூறு மோட்டார் ஒரே வினாடியில கிளம்பினா டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா?

படிப்பறிவு இல்லாததால இப்படிப் பண்றாங்கன்னு சொல்றவங்களைப் பார்த்திருப்பீங்க. எனக்கு இதுல தெரியுறது தெளிவான கணக்கு. எரிஞ்ச மோட்டாருக்குக் காயில் கட்டச் சில ஆயிரம் செலவு. காஞ்ச பயிருக்கு வருஷ வருமானமே போகும். சப்ளை சரியில்லாத இடத்துல, வேலையை நிறுத்துற பாதுகாப்பைக் கழட்டத்தான் செய்வாங்க. 24 மணி நேரமும் மும்முனை மின்சாரம்னு 2021-ல் அரசு அறிவிச்சது. ரிலேயைத் திரும்ப 11-ல வைக்கிற தைரியம் அந்த மாதிரி நம்பகமான சப்ளையிலிருந்துதான் வரணும்.

கடைசி இடம்

இதுவரைக்கும் சொன்ன எதுவும் மனுஷனைப் பத்தினது இல்லை. கவனிச்சீங்களா?

மோட்டாரோட இன்சுலேஷன் போய், இரும்பு உடம்புக்கு 230 வோல்ட் ஏறிடுச்சுன்னு வைங்க. ஈரத் தரையில வெறுங்காலோட ஒருத்தர் தொடுறார். ஈரமான உடம்போட தடை தோராயமா 1,000 ஓம். ஓடுற கரண்ட் 230 மில்லிஆம்பியர். இதயத்தோட துடிப்பைக் குலைக்க அது போதும். 25 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது நூத்துல ஒரு பங்குகூட இல்லை.

எர்த் இருக்கேன்னு கேப்பீங்க. போடிமெட்டுச் சரிவு மாதிரி பாறை நிலத்துல, காஞ்ச மண்ணுல எர்த் கம்பியோட தடை சுலபமா 20 ஓம் இருக்கும். 230-ஐ 20-ஆல வகுத்தா 11.5 ஆம்பியர். ஃபியூஸ் போகாது. மோட்டார் உடம்பு அபாயமான வோல்டேஜோட அப்படியே நிக்கும், அடுத்து தொடுறவருக்காக. சமவெளிக்குச் சொன்ன சூத்திரம் மலையில தோத்துப்போற இடம் இது.

இதுக்குன்னே ஒரு கருவி வர 1950-கள் ஆச்சு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1955-ல் ஹென்றி ரூபின் ஒண்ணு செஞ்சார். அமெரிக்காவுல 1961-ல் பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் இன்னும் நுணுக்கமா செஞ்சார். தத்துவம் எளிமை: போன கரண்ட் அத்தனையும் திரும்பி வரணும். 30 மில்லிஆம்பியர் குறைஞ்சாலும் அது வேற எங்கேயோ, ஒருவேளை ஒரு உடம்பு வழியா, போகுதுன்னு அர்த்தம். கண் இமைக்கிற நேரத்துல அறுத்திடும். நம்ம பாஷையில செக்சம். இதைத்தான் ஆர்.சி.டி., ஆர்.சி.சி.பி.னு சொல்றோம். தமிழ்நாட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இப்போ இதைக் கட்டாயமாக்கியிருக்கு. பழைய மோட்டார்ல ஈரத்தால கொஞ்சம் கசிவு எப்பவும் இருக்கும், அங்கே இதுவும் அடிக்கடி விழும். விழுந்தா என்ன நடக்கும்னு இப்போ உங்களுக்கே தெரியும். அதனால கருவியை மாட்டினா மட்டும் போதாது. மோட்டாரோட இன்சுலேஷனையும் எர்த்தையும் சேர்த்துச் சரி பண்ணினாத்தான் அது அந்த இடத்துல நிலைக்கும்.

எபிசோடு முடிஞ்சதும் ஒரு வேலை. உங்க வீட்டு ஸ்விட்ச் போர்டைத் திறந்து பாருங்க. வரிசையா இருக்கிற சின்ன எம்.சி.பி.க்கள் உங்க வயரைக் காப்பாத்துது. அதுங்களுக்கு நடுவுல ‘டி’னு போட்ட டெஸ்ட் பட்டனோட ஒண்ணு இருக்கா? அதுதான் உங்களைக் காப்பாத்துறது. பட்டனை அழுத்தினா டக்குனு விழணும். விழலைன்னா, இல்ல அப்படி ஒண்ணே இல்லைன்னா, நல்ல எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க. ஊர்ல தாத்தாவுக்கோ சித்தப்பாவுக்கோ தோட்டம் இருந்தா, அடுத்த தடவை போன்ல மழை பெய்யுதான்னு கேக்குறப்போ இதையும் சேர்த்துக் கேளுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.