கல்கி காட்டிய மாதோட்டம்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நெஞ்சுக்கு நெருக்கமான ஒரு நாவல் திரைப்படமாகப் போகிறது என்ற செய்தி வந்ததும், வாசகர் மனத்தில் ஆவலும் அச்சமும் ஒரே வேளையில் எழுகின்றன. இத்தனை காலமும் மனக்கண்ணால் மட்டுமே கண்ட மாந்தரை இனி ஊனக்கண்ணாலும் காணலாம் என்பது ஆவல். திரையிலே தோன்றும் முகம் மனத்திலிருக்கும் முகத்தை அழித்துவிடுமோ என்பது அச்சம். அமரர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படமாகிறது என்று கேட்ட போதெல்லாம் தமிழ் வாசகர் உலகம் இவ்விரண்டுக்கும் இடையிலே ஊசலாடியது. மன்னார்க் கரையிலே வாழும் வாசகருக்கோ மூன்றாவதாக ஒரு கவலையும் இருந்தது. இன்றைய உரை அந்தக் கவலையைப் பற்றியது.

முதலில் கதையின் கதையைச் சிறிது பார்ப்போம். ‘பொன்னியின் செல்வன்’ 1950ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ‘கல்கி’ வார இதழிலே தொடங்கி, 1954 வரை தொடராக வெளிவந்தது. மணியத்தின் சித்திரங்கள் அதற்கு உயிரூட்டின. ஐந்து பாகங்கள் கொண்ட அப்பெருங்கதை முற்றுப்பெற்ற அதே 1954இன் டிசம்பரில் கல்கி மறைந்தார். அந்நாட்களிலே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த சஞ்சிகைகளை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டிருந்த காலம் அது. தொடரின் பக்கங்களைக் கிழித்தெடுத்து, கட்டி, வீட்டுச் சொத்தாகப் பேணியவர்கள் இங்கும் இருந்தார்கள்.

இதனைப் படமாக்க வேண்டும் என்ற ஆசை விரைவிலேயே பிறந்துவிட்டது. 1958இல் எம்.ஜி.ஆர். உரிமை பெற்று அறிவிப்பும் செய்தார், அது நிறைவேறவில்லை. 1980களின் இறுதியிலே கமல்ஹாசனும் மணிரத்தினமும் எண்ணிப் பார்த்தார்கள். அதுவும் எண்ணத்தோடு நின்றது. 1999இல் சென்னையிலே ‘மேஜிக் லான்டர்ன்’ குழுவினர் மேடை நாடகமாக நடத்திக் காட்டியபோது, இக்கதை ஏட்டை விட்டு வெளியே வந்தும் உயிர் வாழும் என்ற நம்பிக்கை பிறந்தது. கடைசியாக, மணிரத்தினத்தின் நெறியாள்கையில் முதற் படம் 2022 செப்டம்பர் 30ஆம் திகதியும், இரண்டாம் படம் 2023 ஏப்ரல் 28ஆம் திகதியும் திரைக்கு வந்தன. தயாரிப்பாளர்களுள் ஒருவரான சுபாஸ்கரன் நமது முல்லைத்தீவைப் பிறப்பிடமாகக் கொண்டவர் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

வாசகர் பட்ட கவலைகள் பல. வந்தியத்தேவனின் குறும்பு நடிகருக்கு வருமா? நந்தினியின் கண்ணிலுள்ள நஞ்சும் நெஞ்சிலுள்ள துயரும் ஒரே முகத்தில் தெரியுமா? ஐந்து பாகங்களை ஐந்தரை மணி நேரத்துள் அடக்கினால் எதை வெட்டுவார்கள்? இக்கவலைகளிற் சில மெய்யாகின. கந்தமாறனின் தங்கை மணிமேகலை திரைக்கு வரவேயில்லை. சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்று நாவலின் இறுதியில் அவிழும் முடிச்சும் கைவிடப்பட்டது. நாவலை நெட்டுருச் செய்தவர்கள் இதனால் மனம் நொந்தார்கள். நாவலையே அறியாத இளையவர்களோ படம் பார்த்த பின்னர் புத்தகத்தைத் தேடி வாங்கினார்கள். ஒரு கையால் எடுத்ததைச் சினிமா மறு கையால் கொடுத்தது எனலாம்.

இனி மன்னார் வாசகரின் கவலைக்கு வருவோம்.

நாவலின் இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றிலே இருபத்தைந்தாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். அதன் தலைப்பு ‘மாதோட்ட மாநகரம்’. குந்தவை தந்த ஓலையோடு இளவரசர் அருள்மொழிவர்மரைத் தேடி வரும் வந்தியத்தேவன் நமது மாதோட்டத்துக்குத்தான் வந்து சேர்கிறான். சோழச் சேனாபதியான கொடும்பாளூர்ப் பெரிய வேளாரின் பாசறை அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்துதான் காட்டுப் பாதையும் இராஜபாட்டையும் அநுராதபுரத்தை நோக்கிச் செல்கின்றன. தமிழகத்து வாசகருக்கு அது கதைப் போக்கிலே வந்து போகும் ஓர் ஊர். மன்னாரிலும் அடம்பனிலும் உயிலங்குளத்திலும் இருந்து வாசித்தவருக்கோ அது பேருந்திலே போகும் வழியிலுள்ள ஊர்.

இவ்வளவுதானா, கதையில் ஊர்ப் பெயர் வந்த பெருமையா என்று சிலர் கேட்கலாம். அதற்கும் மேலே ஒன்று உண்டு. தஞ்சாவூரைத் திரைப்படம் எப்படிக் காட்டினாலும் சரி, அங்கே இராசராசன் எடுத்த பெரிய கோயில் நிமிர்ந்து நிற்கிறது. படத்திலே பிழை இருந்தால் பார்ப்பவர் நேரே போய்த் திருத்திக் கொள்ளலாம். அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் தூபிகளும் சிலைகளும் உண்டு. மாதோட்டத்திலே என்ன உண்டு? திருக்கேதீச்சர ஆலயத்துக்கு அண்மையிலே, பற்றை மண்டிய ஒரு மண்மேடு. அதனைச் சுற்றி, தூர்ந்துபோன இரண்டு அகழிகளின் தடம். அங்காடியும் இல்லை, மாளிகையும் இல்லை. ஆகவே மாதோட்டம் என்ற நகரத்தைப் பார்க்க விரும்பிய நமது வாசகருக்குப் பல்லாண்டுகளாகக் கிடைத்திருந்தது கல்கியின் அந்தச் சில பக்கங்களே. அப்பக்கங்களும் திரையிலே கரைந்து போனால் நகரம் இரண்டாம் முறையும் மறைந்து விடாதா? இதுதான் அந்தக் கவலை.

படத்தின் இலங்கைக் காட்சிகள் தாய்லாந்திலே படமாக்கப்பட்டன. காடும் ஆறும் யானையும் அழகாகவே வந்திருக்கின்றன. இரவி வர்மனின் ஒளிப்பதிவுக்கு இந்திய தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் கதை ஓடுகிற வேகத்திலே, மாதோட்டத்தின் வீதிகளில் நின்று நிதானித்துப் பார்க்க நேரம் இல்லை. வேறொரு நாட்டின் பச்சை நமது வறண்ட கரையின் இடத்தைப் பிடித்துக் கொண்டது.

இதற்காகச் சினிமாவை முற்றாகக் குறை கூறவும் நமக்கு நாவெழாது. பல ஆண்டுகளுக்கு முன்னர் இந்த மன்னார்க் கரையே வேறோர் ஊரின் வேடத்தைப் போட்டிருக்கிறது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் நெடுந்தீவைக் களமாகக் கொண்டது. வாடைக்காற்று வீசும் பருவத்திலே வெளியூர் மீனவர் வந்து வாடியமைத்துத் தொழில் செய்வதையும், அதனால் எழும் காதலையும் பகையையும் சொல்லும் கதை. அது பிறேம்நாத் மொறாயஸின் நெறியாள்கையில் 1978இல் திரைக்கு வந்தபோது, அதன் பல காட்சிகள் மன்னார்த் தீவின் பேசாலைக் கரையிலே எடுக்கப்பட்டவை. நெடுந்தீவாருக்கு அன்று ஏற்பட்டிருக்கக்கூடிய மனக்குறையை இன்று நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆனால் பேசாலையிலே வள்ளமும் வலையும் கருவாட்டு மணமும் உண்மையாகவே இருந்தன. கரை மாறினாலும் தொழில் மாறவில்லை. திரையிலே இடம் மாறுவதைப் பொறுத்துக் கொள்ளலாம். இடத்தின் வாழ்வு மாறினால்தான் இழப்பு.

அப்படியானால் மாதோட்டத்தின் வாழ்வு எது? அதனைச் சொல்ல வேண்டியது சரித்திரம்.

ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தரும், அவருக்குப் பின் சுந்தரரும் திருக்கேதீச்சரத்துக்குப் பதிகம் பாடினார்கள். பாளி நூல்கள் இத்துறைமுகத்தை மகாதித்த என்று அழைத்தன. தலைநகரான அநுராதபுரத்தின் கடல்வாசல் இதுவே. 1887இல் போக் என்ற ஆங்கில அதிகாரி இங்கே முதலில் தோண்டிப் பார்த்தார். 1920களில் ஹோகார்ட்டும், 1950களின் தொடக்கத்தில் சண்முகநாதனும் அகழ்ந்தார்கள். 1980 முதல் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் விரிவாக அகழ்வாராய்ச்சி செய்தனர். சீனத்துப் பீங்கானும் பாரசீக வளைகுடாப் பக்கத்து மட்பாண்டமும் மணிகளும் ஒரே மேட்டிலே அடுக்கடுக்காகக் கிடைத்தன. போர்ச் சூழலால் 1984இலே அப்பணி நின்றது. அதன் முழு அறிக்கை நூலாக வெளிவர 2013 ஆகியது. போர் முடிந்த பின்னர், 2009-2010இல் மீண்டும் அகழ்ந்தபோது கருகிய மிளகும் ஒரு கராம்பும் அகப்பட்டன. 2018இல் வெளியான ஆய்வு, அந்தக் கராம்பை கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டதெனக் கணித்தது. அது சோழர் காலம் அல்லவா! இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலே மட்டும் அன்று விளைந்த கராம்பு, ஆயிரக்கணக்கான மைல் கடல் கடந்து நமது மாதோட்டத்து அடுப்பங்கரைக்கோ அங்காடிக்கோ வந்திருக்கிறது. இப்படியொரு காட்சியை எந்தத் திரைக்கதையாசிரியரும் எழுதவில்லை.

சாசனங்கள் சொல்வதும் உண்டு. இராசராசன் காலத்திலே இலங்கையில் சோழர் ஆண்ட பகுதி மும்முடிச் சோழ மண்டலம் எனப் பெயர் பெற்றது. மாதோட்டம் இராசராசபுரம் ஆயிற்று. சோழ நாட்டைச் சேர்ந்த தாழி குமரன் என்னும் அதிகாரி இங்கே இராசராச ஈச்சரம் என்ற கோயிலை எடுத்தான். வைகாசி விசாகத் திருவிழாவுக்கும் பிற செலவுக்கும் நிலமும், ஊர்த் தறிகளிலிருந்து பெறும் சிறு தொகையும் ஒதுக்கப்பட்டன. ஆகவே இந்நகரிலே நெசவாளர் இருந்தனர், தறியோசை கேட்டது, வைகாசியில் விழா நடந்தது என்பதெல்லாம் கல்லிலே எழுதிய செய்திகள். அந்தக் கல்லைப் பார்க்க வேண்டுமானால் கொழும்பு நூதனசாலைக்குப் போக வேண்டும். கோயில் நின்ற இடத்தைக் காட்டுவார் எவருமில்லை.

இனி, நாவல் சரித்திரத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். சுந்தர சோழரின் ஒன்பதாம் ஆட்சியாண்டிலே கொடும்பாளூர்ச் சிறிய வேளார் ஈழத்துப் போரில் மாண்டார் என்பது சாசனச் செய்தி. நாவலிலே வானதியின் தந்தை அவர். இந்த ஒரு வித்திலிருந்துதான் இலங்கைக் காட்சிகள் என்ற மரம் முழுவதையும் கல்கி வளர்த்தார். இளவரசராயிருந்த போது அருள்மொழி இங்கே வந்து படை நடத்தினார் என்பதற்குச் சாசனச் சான்று கிடையாது. அது கற்பனை; அருமையான கற்பனை. வந்தியத்தேவன் மாதோட்டத்துக்கு வந்ததும் அவ்வாறே.

கதையின் முடிவையும் பாருங்கள். அருள்மொழி தமக்குரிய அரசைத் தம் சிறிய தந்தையான உத்தம சோழருக்கு விட்டுக்கொடுத்தார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. கல்கி அந்தச் செய்தியோடு ஆள்மாறாட்டம் என்ற புதிரைச் சேர்த்தார். மணிரத்தினத்தின் படம் அப்புதிரை நீக்கி, மதுராந்தகருக்கே முடிசூட்டி வைக்கிறது. நாவலை மீறிய அவ்விடத்திலே படம் செப்பேட்டுக்கு நெருங்கி வந்துவிட்டது. ஆகவே படம் நாவலுக்கு உண்மையாக இருக்கிறதா என்று கேட்பது ஒன்று. சரித்திரத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்று கேட்பது வேறொன்று. நம்மவர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே நினைத்து வழக்காடினார்கள்.

அதனாலே நாவல் தாழ்ந்துவிடுமா? தாழாது. மாதோட்டம் என்ற பெயரைத் தமிழ் பேசும் இடமெங்கும் இலட்சக்கணக்கான வாசகர் அறியச் செய்தது அந்த அத்தியாயம். ஆராய்ச்சியாளரின் அறிக்கைகள் அவ்வேலையைச் செய்யவில்லை. அவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டன. கல்கி தம் காலத்திலே கிடைத்த சாசனங்களையும் வரலாற்று நூல்களையும் படித்தே எழுதினார். கார்ஸ்வெல் தோண்டியதும் கராம்பு கிடைத்ததும் அவர் மறைந்து பல பத்தாண்டுகளின் பின்னர். அவர் அறிந்ததை விட நாம் இன்று கூடுதலாக அறிவோம். ஆனால் அவர் எழுதியதைப் போல அந்த அறிவை வைத்து எழுதியவர் நம்மிடையே எத்தனை பேர்?

இதை வைத்தே மன்னார் வாசகரின் கவலைக்கு விடை தேட வேண்டும் என்று கருதுகிறேன். ஒரு நகரம் ஒரே நாவலை நம்பியிருந்தால் அதன் நிலைமை ஆபத்தானதுதான். எவரோ ஒருவர் படமெடுக்கும் போது அது வெட்டுண்டு போகலாம். அதற்கு மருந்து, நகரத்தின் கதையை நாமே பலவாறாகச் சொல்லி வைப்பது. அகழ்வு அறிக்கைகளின் சாரம் தமிழிலே ஒரு சிறு நூலாக வரலாம். தாழி குமரன் சாசனத்தின் படியொன்றை மன்னாரிலே வைக்கலாம். திருக்கேதீச்சரத்தில் கருங்கல்லால் எழுந்த புதிய ஆலயத்துக்கு, முதற் படம் வெளியான அதே 2022இல், ஜூலை மாதத்தில் கும்பாபிஷேகம் நடந்தது. அங்கே வழிபட வருகிற பாடசாலைப் பிள்ளைகளை, பக்கத்திலுள்ள அந்த மண்மேட்டுக்கும் ஆசிரியர்கள் அழைத்துச் செல்லலாம். படத்தைப் பார்த்த பிள்ளைகள்தானே அவர்கள்! வந்தியத்தேவன் வந்த ஊர் இது என்று சொன்னால் போதும், காது கொடுப்பார்கள். அதன் பிறகு தறியோசையையும், சீனத்துப் பீங்கானையும், அந்தக் கராம்பையும் சொல்லலாம்.

அப்பிள்ளைகளில் ஒருவர் நாளை இன்னொரு நாவல் எழுதக்கூடும். அதிலே மாதோட்டம் ஓர் அத்தியாயமாக இராது. கதை முழுவதும் அங்கேயே நடக்கும். அதனையும் யாரேனும் படமாக்க வருவார்கள். அன்றும் வாசகர்கள் ஆவலும் அச்சமும் கொள்வார்கள். கொள்ளட்டும், நேயர்களே. அச்சப்படும் வாசகர் இருக்கும்வரை நூலுக்கு அழிவில்லை.