இரவிகுளம்: மரமில்லாத மலையில் என்ன இருக்கு?

மூணாறு ட்ரிப் போனவங்க பலர் ராஜமலையையும் பார்த்திருப்பீங்க. அங்கே மரமே இல்லாத பச்சை மலைகளைப் பார்த்து, 'காட்டை அழிச்சுட்டாங்களோ?' என்று தோன்றியிருக்கலாம். இல்லை. அது இயற்கையாகவே அப்படித்தான்.

எது இந்த இடம்?

கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில் 97 சதுர கி.மீ. பரப்புள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா. 1975ல் சரணாலயம், 1978ல் தேசியப் பூங்கா ஆனது. தென்னிந்தியாவின் உயரமான சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இதற்குள்தான் இருக்கிறது.

ஏன் புல் மட்டும்?

உறைபனியும் பலத்த காற்றும் திறந்த சரிவுகளில் மரக்கன்றுகளை வளர விடுவதில்லை. அதனால் சரிவில் புல், மடிப்புகளில் குள்ள மரங்கள் அடர்ந்த சோலை. இரண்டும் சேர்ந்துதான் மழைநீரைப் பிடித்து மெதுவாக ஓடைக்கு விடுகின்றன. இங்கிருந்து இறங்கும் பாம்பாறு, அமராவதியில் சேர்கிறது. கரூர் பக்கம் ஓடுவது அந்தத் தண்ணீரும்தான்.

யார் வாழ்கிறார்கள்?

முதலில் வரையாடு. நம்ம மாநில விலங்கேதான். அழியும் ஆபத்தில் உள்ள இனம். பாறை முகட்டில் ஓடித் தப்பிக்கும், புல்வெளியில் மேயும். புல் போனால் அதுவும் போகும். ஆனைமுடியில் மின்னும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டித் தவளையும் உண்டு. அறிவியல் உலகுக்கு அது அறிமுகமானதே 2010ல்தான்.

குறிஞ்சி எப்போ?

நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கும். 2006, 2018... அடுத்தது 2030. பூத்து, விதை உதிர்த்ததும் செடி செத்துவிடும். ஆக, நீங்க செல்ஃபிக்காகப் பறிக்கும் கொத்து, அடுத்த தலைமுறைச் செடியின் விதை.

அப்புறம் என்ன பிரச்னை?

புல்வெளியைத் 'தரிசு' என்று நினைத்ததுதான். அந்த நினைப்பில், மேற்குத்தொடர்ச்சி மலையின் பல இடங்களில் யூகலிப்டஸும் வாட்டிலும் நட்டார்கள். வாட்டில் தானாகவே பரவி இன்றும் புல்வெளியை விழுங்குகிறது. 'மரம் நடுவோம்' என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

போறீங்களா?

வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் பொதுவாக பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். தேதியைப் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க. வரையாடு பக்கத்தில் வந்தாலும் தொடாதீங்க, தீனி கொடுக்காதீங்க. பாதையை விட்டு இறங்காதீங்க. உங்க காலடியில் இருப்பது 2030ல் பூக்கவேண்டிய செடியாக இருக்கலாம்.