ஒத்தடம்: வாணல்ல இருந்து மைக்ரோவேவ் வரைக்கும்

ஊருக்கு வந்துட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் திரும்புற சொந்தக்காரங்க முன்னெல்லாம் புளி, கேழ்வரகு மாவு, மஞ்சள் தூள்னு கட்டிக்கிட்டுப் போவாங்க. இப்ப கொள்ளும் சேத்துக் கேக்குறாங்க. ரசம் வைக்கறதுக்கு இல்ல. பருத்தித் துணியில ஒரு பை தச்சு, அதுல கொள்ளைக் கொட்டி, காஞ்ச நொச்சி இலை கொஞ்சம் போட்டு, மைக்ரோவேவ்ல சூடு பண்ணி கழுத்து வலிக்கும் முதுகு வலிக்கும் வச்சுக்கறாங்களாம். அதே பையை ஃப்ரீசர்ல வச்சா வீக்கத்துக்கும் ஆகுமாம்.

இதை வெளிநாட்டுப் பழக்கம்னு நினைக்கறவங்களும் இருக்காங்க, எல்லாமே நம்ம பாட்டி வைத்தியம்தான்னு சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டும் பாதி பாதி உண்மை. இந்தப் பை எந்தெந்த அடுப்பைத் தாண்டி வந்துச்சுன்னு கொஞ்சம் பாத்தா, வர்ற வழியில அது ஒரு முக்கியமான விஷயத்தைக் கைவிட்டது தெரியும். அது போனதால சில பேருக்குக் கால் வெந்து புண்ணாகுது. அதனாலதான் இந்தப் பதிவு.

பேருலயே இருக்கு வேலை

நாம பேசறது ஒத்தடம். எழுதறது ஒற்றடம். ஒற்றுதல்னா மெதுவா வச்சு, அழுத்தி, எடுக்கறது. கோயில் பூவைக் கண்ணுல ஒத்திக்கறோம் இல்லையா, அதே 'ஒத்து'தான் இதுவும். ஆக இது ஒரு பொருளோட பேர் இல்ல, கை செய்யற வேலையோட பேர். சூடான மூட்டைக்குக் கிழி, பொட்டணம்னு வேற பேரு இருக்கு.

சித்த மருத்துவத்துல உள்மருந்து 32 வகை, புறமருந்து 32 வகை. புறமருந்துப் பட்டியல் கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம், தொக்கணம்னு போகும். இதுல ஒற்றடம் தனி, பொட்டணம் தனி. மூட்டை கட்டறது ஒரு வேலை, ஒத்தி எடுக்கறது இன்னொரு வேலைன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. வடமொழி ஆயுர்வேத நூல்கள்லயும் இந்தச் சூட்டு வைத்தியத்துக்குப் பெரிய இடம் உண்டு. சுசுருத சம்ஹிதை அதை 4 வகையாப் பிரிக்குது, சரக சம்ஹிதை 13 வகையா விரிக்குது. மணல், செங்கல், தானியம்னு எல்லாம் அதுல வந்துடும். கேரளாவோட நவரக்கிழி இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

உள்ளே என்ன போடறதுங்கறதை மண்ணு முடிவு பண்ணுச்சு

காவிரிப் பக்கம் நெல்லு விளையும், அதனால தவிடு, உமி, பச்சரிசின்னு மூட்டை கட்டுவாங்க. எங்க அரூர்ப் பக்கம் மேட்டுக்காடு அதிகம். கேழ்வரகு, சாமை, கொள்ளு, எள்ளுதான் பழைய பயிர். சித்தேரி மலையில இன்னைக்கும் சாமையும் கேழ்வரகும் போடறாங்க. நெல்லுச் சோறு விசேஷத்துக்குன்னு இருந்த வீடுகள்ல தவிட்டுக்கு எங்க போறது? கொள்ளு இருந்தது. வாணியாத்து மணல் இருந்தது. உடைஞ்ச செங்கல் இருந்தது. வேலி ஓரம் நொச்சி, ஆமணக்கு, எருக்கு இருந்தது.

உப்பும் போட்டாங்க. ஆனா உப்பு கடலோரத்துல இருந்து வரணும், காசு குடுத்து வாங்கணும். வெள்ளைக்காரன் காலத்துல அதுக்கு வரி வேற. 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது அந்தச் சட்டத்தை உடைக்கத்தான். அந்த வரி 1947லதான் போச்சு. காசு குடுத்து வாங்கின உப்பை விட காட்டுல விளைஞ்ச கொள்ளு கைக்கு லேசு. ஒத்தடம் குடுத்து முடிச்ச கொள்ளையும் வேகவச்சு மாட்டுக்குப் போட்டுடலாம், வீணாப் போகாது.

நொச்சியைப் பத்தி ஒரு வார்த்தை. பழைய தமிழ்ல கோட்டையைக் காத்து நின்னு போராடறதுக்கு நொச்சித் திணைன்னே பேரு. எங்க பக்கம் அது காட்டுக்கு வேலி. தானியக் குதிர்ல பூச்சி விழாம இருக்க இலையைப் போடுவாங்க. சளி பிடிச்சா வேது பிடிக்கவும், மூட்டுவலிக்கு வதக்கிக் கட்டவும் அதே இலைதான்.

அடுப்பு மாறுச்சு

பழைய ஒத்தடத்துக்கு முக்கியமான சாமான் தணல். ராத்திரி சோறு வடிச்ச பிறகு விறகு அடுப்புல தணல் கிடக்கும். அதுமேல வாணலையோ தோசைக்கல்லையோ போட்டு ரெண்டு முடிச்சு வச்சுக்குவாங்க. ஒண்ணு கல்லு மேல இருக்கும், ஒண்ணு கையில இருக்கும். கையில இருக்கறது ஆறினா மாத்திக்குவாங்க. குதிகால் வலிக்குத் தணல்ல செங்கல்லைப் போட்டு, எடுத்து, மேல எருக்கு இலையை வச்சு, குதிகாலை அதுமேல ஒத்தி ஒத்தி எடுப்பாங்க.

இந்த முடிச்சு சீக்கிரம் ஆறிப்போறதுக்குக் காரணம் இருக்கு. ஒரு கிலோ தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேணுமோ, அதுல அஞ்சுல ஒரு பங்குதான் உப்புக்கும் மணலுக்கும் வேணும். சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். தானியம் கொஞ்சம் தாங்கும். வெந்நீர்தான் நேரம் தாங்கும். ஆனா வெந்நீரைப் பிடிச்சு வைக்கப் பை இல்ல. 1844ல சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோட சூடு பண்ணிப் பதப்படுத்தற முறைக்கு அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினாரு. வெந்நீர் ஊத்துனா இளகிப்போகாத ரப்பர் பை அதுக்கு அப்பறம்தான் சாத்தியமாச்சு. அந்தப் பை ஊர்ல மருந்துக்கடை வரைக்கும் வந்துச்சு.

அப்பறம் தணலே போச்சு. 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு குடுத்துச்சு. 2016ல மத்திய அரசோட உஜ்வலா வந்துச்சு. இதை நான் குறையாச் சொல்லல. புகையில கண்ணு எரிய எரிய ஊதாங்குழல் ஊதின பொம்பளைங்களைக் கேட்டா கேஸோட அருமை தெரியும். ஆனா சோறு ஆக்கி முடிச்சதும் சும்மா கிடந்த சூடு இப்ப இல்ல. ஒத்தடம் வேணும்னா அதுக்குன்னு அடுப்பைப் பத்தவைக்கணும்.

ரேடார்ல இருந்து வந்த அடுப்பு

நகரத்துல அந்த இடத்துக்கு மைக்ரோவேவ் வந்துச்சு. 1945ல அமெரிக்காவுல ரேதியான் கம்பெனியில ரேடார் கருவிக்குப் பக்கத்துல நின்ன பெர்சி ஸ்பென்சரோட சட்டைப் பையில இருந்த மிட்டாய் உருகிச்சுன்னு அந்தக் கதையைச் சொல்வாங்க. 1947ல வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், முன்னூறு கிலோவுக்கு மேல எடை. சமையல்கட்டு மேடையில வைக்கற அளவு சின்னது 1967லதான் பரவ ஆரம்பிச்சது.

இந்த அடுப்பு பொருளைச் சுடறது இல்ல, முக்கியமா அதுக்குள்ள இருக்கற தண்ணியைத்தான் சுடுது. நம்ம பழைய சரக்கை இது ரெண்டாப் பிரிச்சிடுச்சு. காஞ்ச உப்பையும் காஞ்ச மணலையும் மைக்ரோவேவ்ல வச்சா சரியா சூடேறாது, அதுல ஈரம் இல்ல. வெயில்ல காயவச்ச தானியத்துலகூட நூத்துக்குப் பத்து, பன்னண்டு பங்கு ஈரம் இருக்கும். அதனால கொள்ளு, அரிசி, கோதுமை சூடேறும். ஆயிரம் வருசம் வாணல்ல ஜெயிச்ச உப்பு இங்க தோத்துப்போச்சு, கொள்ளு பாஸாயிடுச்சு.

இங்க்லாந்துலயும் ஆஸ்திரேலியாவுலயும் கோதுமைப் பை பிரபலமாச்சு. ஜெர்மனி, சுவிட்சர்லாந்துல செர்ரிப் பழக் கொட்டையைப் பையில போட்டு அடுப்புல சூடு பண்ற வழக்கம் இருந்துச்சு, அதுவும் மைக்ரோவேவுக்கு மாறிச்சு. வாசத்துக்கு லாவண்டர் சேத்தாங்க. நம்ம ஊர்க்காரங்க இப்ப லாவண்டரை எடுத்துட்டு நொச்சியைப் போடறாங்க. வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரிதான்.

வழியில போனது

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பழைய ஒத்தடத்துல முடிச்சு குடுக்கறவங்க கையில இருக்கும். எங்க ஆயா முடிச்சை எடுத்ததும் முதல்ல தன் புறங்கையில வச்சுப் பாப்பாங்க. அவங்க கை தாங்காத சூடு அடுத்தவங்க முதுகுக்குப் போகாது. அதோட வச்ச இடத்துலயே வச்சிருக்க மாட்டாங்க. ஒத்துவாங்க, எடுப்பாங்க, பக்கத்துல ஒத்துவாங்க.

இதுல பெரிய அறிவு இருக்கு. தோல் வேகறது சூட்டை மட்டும் பொறுத்தது இல்ல, நேரத்தையும் பொறுத்தது. 1947ல அமெரிக்காவுல மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து எழுதினாங்க. 60 டிகிரி சூடு அஞ்சு விநாடியிலயே தோலை வேகவச்சிடும். 44 டிகிரி, அதாவது கைக்கு இதமாத் தெரியற சூடு, அப்படியே ஆறு மணி நேரம் இருந்தா அதுவும் வேகவைக்கும். ஒத்தி எடுக்கறது அந்த நேரத்தைத் துண்டு துண்டா உடைக்குது.

மைக்ரோவேவ் பையில கை இல்ல. சூடு பண்ணி, கழுத்துல போட்டுக்கிட்டு, டிவி பாத்துக்கிட்டே தூங்கிடறோம். அதுலயும் சர்க்கரை நோய் உள்ளவங்க கதை வேற. 2023ல வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி நாட்டுல சுமார் 10 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கு. ரொம்ப வருசம் சர்க்கரை இருந்தா பாதத்துல உணர்ச்சி மரத்துப்போகும். அவங்க கால்ல சூடான பையையோ, செங்கல்லையோ வச்சா வேகறது தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். அந்தப் புண்ணு ஆறாம விரலை எடுத்தது வரைக்கும் போயிருக்கு. பழைய காலத்துலயும் மரத்த கால் இருந்திருக்கும். ஆனா உணர்ச்சி உள்ள இன்னொரு கை நடுவுல இருந்துச்சு.

பையாலயும் ஆபத்து உண்டு. திரும்பத் திரும்பச் சூடு பண்ணினா தானியத்துல ஈரம் வத்தி, ஒரு கட்டத்துல உள்ளுக்குள்ளயே கருகும். தீப்பிடிச்சதும் உண்டு. பிரிட்டன்ல கோதுமைப் பைக்குன்னே 2004ல ஒரு பாதுகாப்புத் தரநிலை போடற அளவுக்கு ஆச்சு.

குளிர்ச்சிக்கு

குளிர் ஒத்தடம் ஊருக்குப் புதுசு. ஈரத்துணியும் மண்பானைத் தண்ணியும்தான் இருந்துச்சு. 1833ல பாஸ்டன்ல இருந்து கப்பல்ல பனிக்கட்டி கல்கத்தாவுக்கு வந்துச்சு. சென்னை கடற்கரையில இருக்கற ஐஸ் ஹவுஸ், இப்ப விவேகானந்தர் இல்லம், 1842ல அந்த ஐஸை வைக்கக் கட்டினது. அதெல்லாம் துரைமாருக்கு.

ஃப்ரீசர்ல வச்ச கொள்ளுப் பை ஐஸுக்கு ஈடு இல்ல. ஐஸ் உருகும்போதுதான் நிறைய வெப்பத்தை இழுக்கும். கொள்ளு உருகறது இல்ல. அதே எடை ஐஸ் இழுக்கற அளவுக்கு இழுக்காது. அதனால சீக்கிரம் குளிர்ச்சி போயிடும், ஆனா தோலை உறைய வைக்கற பயமும் குறைவு. குழந்தை தலையில இடிச்சுக்கிட்ட சின்ன வீக்கத்துக்கு அது போதும்.

பண்றவங்களுக்கு

துணி கெட்டியான பருத்தியா இருக்கணும். பழைய வேட்டி ரெண்டு மடிப்பா நல்லா வரும். ஜரிகை, ஹூக், ஜிப், பிரஸ் பட்டன் எதுவும் கூடாது. அரைக் கிலோ கொள்ளு, நல்லாக் காஞ்ச நொச்சி இலை ஒரு கைப்பிடி, பிடிச்சா ஒரு ஸ்பூன் ஓமம். பையில மூணுல ரெண்டு பங்குதான் நிரப்பணும், அப்பதான் உடம்போட படியும். பச்சை இலை போட்டா பூசணம் பிடிக்கும். சோளம் போட்டா பொரிஞ்சிடும். எருக்கு வேணாம், அந்தப் பால் கண்ணுல பட்டா ஆபத்து.

மைக்ரோவேவ்ல பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி வைங்க. அரை நிமிசம் சூடு பண்ணி, எடுத்துக் குலுக்கி, முழங்கையோட உள்பக்கம் வச்சுப் பாருங்க. போதலைன்னா இன்னும் அரை நிமிசம். முழுசா ஆறாம திரும்ப வைக்காதீங்க. கருகின வாசம் வந்தா கொட்டிட்டுப் புதுசு போடுங்க. ஃப்ரீசர்ல வைக்கறதா இருந்தா பிளாஸ்டிக் கவர்ல மூடி வைங்க, உடம்புக்கும் பைக்கும் நடுவுல ஒரு துண்டு இருக்கட்டும், பத்து நிமிசம் போதும். ஃப்ரீசர்ல இருந்த பை வேர்த்திருந்தா வெயில்ல காயவச்ச பிறகு சூட்டுக்குப் பயன்படுத்துங்க.

புதுசாச் சுளுக்கி வீங்கின இடத்துக்கு உடனே சூடு வேணாம். திறந்த புண்ணுக்கும் வேணாம். திடீர்னு வர்ற கடுமையான வயித்து வலிக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க, டாக்டர்கிட்டப் போங்க. பையோட படுத்துத் தூங்காதீங்க.

வீட்டுல அப்பா, அம்மாவுக்கு சர்க்கரை இருந்தா, பையைச் சூடு பண்ணிக் குடுத்துட்டுப் போயிடாதீங்க. பக்கத்துல உக்காந்து, உங்க கையில வச்சுப் பாத்துட்டு, ஒத்தி ஒத்தி எடுங்க. மரத்துப்போன பாதத்துக்கு அதுவும் வேணாம். ஒரு பத்து நிமிசம் ஆகும், அவ்வளவுதான். கொள்ளு வேணும்னா தை, மாசியில ஊருக்கு வரும்போது சொல்லுங்க, புதுசா இருக்கும்.