ஆளோலையும் கப்பற் கடனும்

சிராங்கூன் சாலைக்கு அணித்தேயுள்ள பூகிஸ் வட்டாரத்தின் பெயரை நாள்தோறும் சொல்லுகிறோம். அது சுலாவெசித் தீவினின்று வந்த கடல்வணிகரைக் குறிக்கும் பெயர். அவர்கள் மரக்கலங்களில் ஏற்றி வந்த சரக்குகளுள் மனிதரும் உண்டு. நாகூரில் மணந்து வாழ்ந்த அரபியர் ஒருவரின் வழித்தோன்றலும் தமிழ் கற்றவருமான முன்ஷி அப்துல்லா, ஆண்களும் பெண்களும் இங்கு விலைபோனதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார்.

1819-இல் தோன்றிய புதிய குடியேற்றத்தில் அடிமைமுறைக்கு இடமுண்டா? இதில் ஆட்சியாளர் இருவரே மாறுபட்டனர். ரெசிடென்ட் ஃபார்க்குவார் கண்டும் காணாதிருந்தார். ராஃபிள்ஸோ 1823-இல் அடிமை வாணிகத்தைத் தடுத்து விதி வகுத்தார். அவரைப் போற்றுவோர் இத்துடன் நிறுத்திவிடுவர். ஆனால் அவர் வகுத்த விதிகளை மேலும் படித்தல் வேண்டும். கப்பற்கூலி செலுத்த இயலாத ஏழைச் சீனர் உழைத்துக் கடன் தீர்க்கலாம். கடன் 20 டாலருக்கும் உழைப்பு 2 ஆண்டுக்கும் மிகலாகாது. உடன்பாட்டை நீதிபதி முன்னிலையில் பதிதல் வேண்டும் என்பன அவை. வரம்பு கட்டியது நன்றே. எனினும் ஆளைப் பிணிக்கும் கடன் சட்டத்தினுள் வந்தமர்ந்தது.

பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1833-இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆண்ட நிலங்களை விலக்கியது. சிங்கப்பூரும் அவற்றுள் ஒன்று. நீதிமன்றங்கள் அடிமையுடைமையை ஏற்கலாகாதென்ற இந்தியச் சட்டம் 1843-இல்தான் வந்தது.

1867 ஏப்ரல் 1-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவினின்று பிரிந்தன. அதுவரை உள்நாட்டுப் பயணமாயிருந்தது அயல்நாட்டுப் பயணமாயிற்று. இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் குறுக்கே நின்றது. தோட்டக்காரர் முறையிட்டனர், 1872-இல் விலக்குக் கிடைத்தது. தமிழ்க் கூலிகளை வெல்லெஸ்லி மாகாணக் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிவருதல் தடையின்றி நடந்தது.

திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஆளோலை காட்டிச் சுந்தரரை வழக்கில் வென்ற முதியவரைத் தமிழாசிரியர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. அவ்வோலை பாட்டன் எழுதித் தந்தது, பேரனைக் கட்டிற்று. கூலி கைந்நாட்டு வைத்த ஒப்பந்தமோ அவனை மட்டுமே, சில ஆண்டுகளுக்கே கட்டிற்று. ஆகவே இரண்டும் ஒன்றென்பது மிகை. ஆயினும் ஒப்பந்தம் மீறியவனைச் சிறைக்கு அனுப்பச் சட்டம் இருந்தது. கடன்பட்டவன் கடனுக்காகச் சிறைபுகும் வழக்கு வேறு. வேலையை விட்டதற்காகவே சிறைபுகுதல் வேறு.

மலாயாவுக்கு இம்முறையில் ஆள்சேர்ப்பது 1910-இல் நின்றது. ஃபிஜிக்கும் திரினிடாட்டுக்கும் கப்பல்கள் சென்றுகொண்டிருந்தன. எல்லா நாடுகளுக்கும் ஒப்பந்தக் கூலிமுறையை ஒழிக்கக் கோரி 1912 மார்ச் 4-இல் கோகலே இந்தியச் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்தார். ஆதரித்தோர் 22 பேர். எதிர்த்தோர் 33 பேர்.