ஒன்பது துளை, ஏழு துளை

ஜீப்பின் இரண்டு விளக்குகளுக்கு நடுவே வரிசையாக நிற்கும் துளைகளை எண்ணிப் பாருங்கள். ஏழு என்றால் அந்த வண்டி இரண்டாம் உலகப் போரைப் பார்த்ததில்லை. ஒன்பது என்றால் பார்த்திருக்கலாம். இந்த ‘கலாம்’தான் வம்பு. கங்காதர நெல்லூர், சித்தூர் பக்கம் பழைய ஜீப் ஒன்று விலைக்கு வந்தால் கூடவே ‘மிலிட்டரி வண்டி சார், ஒரிஜினல்’ என்ற சான்றிதழும் வாய்மொழியாக வந்துவிடும். எந்த ஒரிஜினல் என்று கேட்டால் கதை 1940-க்குப் போகிறது.

அந்த வருடம் அமெரிக்க ராணுவம் இலகுவான, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று வேண்டுமென்று 135 கம்பெனிகளுக்கு எழுதியது. மாதிரி வண்டியைக் கொண்டுவரக் கொடுத்த கெடு 49 நாள். கெடுவுக்குள் செய்து நிறுத்தியது பென்சில்வேனியாவின் பட்லர் ஊரில் இருந்த பேண்டம் என்ற நொடித்துப்போன சின்னக் கம்பெனி. வெற்றி பெற்றவனுக்குக் கிடைத்த பரிசு விசித்திரமானது. இவ்வளவு சின்னக் கம்பெனியால் ஆயிரக்கணக்கில் செய்துதர முடியாது என்று நினைத்த ராணுவம், பேண்டத்தின் வரைபடங்களை வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கார் கம்பெனிகளிடம் கொடுத்துவிட்டது. 1941-ல் பெரிய ஆர்டரை வில்லிஸ் தட்டிச் சென்றது. அதன் வடிவத்தையே தானும் செய்துதர ஃபோர்டு ஒப்புக்கொண்டது. ஆக, போர்க்கால ‘அசல்’ ஜீப்பே இன்னொருவர் மூளையில் பிறந்ததுதான். போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் இறக்கின.

ஒரே வண்டியை இரண்டு பேர் செய்ததால்தான் இன்று துப்பறிய வழி இருக்கிறது. ஃபோர்டு தன் பாகங்களில் எல்லாம், போல்ட் தலை உட்பட, ‘எஃப்’ என்று பொறித்தது. வில்லிஸின் முதல் 25,000 சொச்சம் வண்டிகளுக்கு இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்த கிரில். தகட்டை ஒரே அடியில் அழுத்தி ஒன்பது துளை போடுவது ஃபோர்டு கண்ட மலிவான வழி. வில்லிஸும் அதற்கே மாறியது. முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த ‘ப’ போல இருந்தால் ஃபோர்டு.

எதிரியும் சும்மா இருக்கவில்லை. பிலிப்பைன்ஸில் பிடிபட்ட ஒரு பேண்டத்தை ஜப்பான் ராணுவம் டொயோட்டாவிடம் கொடுத்து, இதுபோல ஒன்று வேண்டும், ஆனால் பார்வைக்கு அமெரிக்க வண்டி மாதிரி இருக்கக்கூடாது என்றது! போர் முடிந்ததும் அதே பிலிப்பைன்ஸில் அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு, வண்ணம் தீட்டி ‘ஜீப்னி’ ஆக்கினார்கள். தகடு வளைக்கும் அந்தக் கைத்தொழில் நாட்டில் தங்கிவிட்டது. இன்று உலகெங்கும் ரசிகர்கள் வாங்கும் போர்க்கால ஜீப் பாடிகளில் பல, மணிலாவின் எம்.டி.ஹுவான் நிறுவனம் புதிதாக அடித்தவை.

இந்தியாவிலும் போர் முடிந்து கழித்துக்கட்டிய ‘டிஸ்போசல்’ ஜீப்புகள் ஊர் ஊராகச் சிதறின. சுதந்திரம் வந்த கையோடு காஷ்மீர்ச் சண்டை. ஜீப் போதவில்லை. லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே.கிருஷ்ண மேனன், 1948-ல் பழைய ஜீப்புகளைப் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன பெயர் தெரியாத கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். வந்திறங்கிய 155 வண்டிகள் ஓடும் நிலையில் இல்லை. ராணுவம் வேண்டாம் என்றது. அதை ஆராய்ந்த குழுவின் தலைவர் நம்ம பக்கத்துத் திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் அய்யங்கார். குழு சொன்னதைக் கேட்காமல் அரசு 1955-ல் விவகாரத்தை மூடியது. 1956-ல் மேனன் மத்திய அமைச்சரானார், அதே வருடம் அய்யங்கார் மக்களவை சபாநாயகரானார். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகார் ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி வியாபாரம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

இதற்கிடையே பஞ்சாபின் லூதியானாவில் 1945-ல் தொடங்கிய மகிந்திரா அண்ட் முகமது கம்பெனியின் முகமது, பிரிவினையில் பாகிஸ்தான் போய் அதன் முதல் நிதியமைச்சரானார். மிச்சமிருந்தவர்கள் பலகையை மகிந்திரா அண்ட் மகிந்திரா என்று மாற்றிக்கொண்டு, வில்லிஸிடம் உரிமம் பெற்று, பாகம் பாகமாக வந்த 75 ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டினார்கள். பிறகு வந்த சிஜே-3பி மாடலுக்கு எஞ்சின் உயரம், அதனால் பானெட்டும் உயரம். நம் ஊர்களில் ‘மிலிட்டரி ஒரிஜினல்’ என்று நிற்பவற்றில் பெரும்பாலானவை இந்த வம்சம்தான் என்பது என் ஊகம்.

இடதுபக்க ஸ்டியரிங்கை நம்பி ஏமாறாதீர்கள். ஆரம்பகால மகிந்திராவுக்கும் அது உண்டு. டிரைவர் சீட்டைத் தூக்குங்கள். பெட்ரோல் டேங்க் மூடி சீட்டுக்கு அடியில் இருந்தால் போர்க்காலம்; பாடியின் பக்கவாட்டில் இருந்தால் பிந்தியது. அசல் வண்டியில் விளக்குகள் கிரில்லுக்குள் அடங்கி, கீல் வைத்து, திருப்பினால் எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டும். பின்னால் இறக்கும் கதவு இருந்தால் அது 1945-க்குப் பிந்தைய சிவிலியன் வண்டி. ஒன்பது துளை கிரில்லையும், டேஷ்போர்டு தகடுகளையும், ஏன், ‘எஃப்’ போட்ட போல்ட்டையும்கூடப் புதிதாக வாங்கிவிடலாம். ஆகவே கடைசியில் சட்டத்தைத்தான் சுரண்டிப் பார்க்க வேண்டும். ஃபோர்டு எண்ணை இடது சட்டத்தின் மேலேயே குத்தியது, வில்லிஸ் பம்பருக்குப் பின்னால் தகடாக ஆணியடித்தது. அந்த இடத்தில் புது வெல்டிங் மினுக்கினால் விலையை மறுபடி பேசலாம்.

2018-ல் மகிந்திரா, அந்தப் பழைய உருவத்தை ‘ராக்ஸர்’ என்ற பெயரில் அமெரிக்காவிலேயே விற்கப் போனது. ஜீப் பெயரை அப்போது வைத்திருந்த ஃபியட் கிரைஸ்லர், இது எங்கள் வண்டியின் நகல் என்று புகார் கொடுத்தது. 2020-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதை ஒப்புக்கொண்டது. வில்லிஸிடமே உரிமம் வாங்கிப் பிழைத்த கம்பெனி, முகப்பை மாற்றி வரைந்துகொண்டு திரும்பவும் ஆணையத்தின் முன் நின்றது. அதே வருட இறுதியில், புது முகம் நகல் இல்லை என்று தீர்ப்பு வந்தது.